கொடியிலிருந்து நான் எடுத்த வேட்டி

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வருடத் தொடக்கத்தில் மழை விட்டு, ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டும் மாதங்களில் வெயில் வேறு மாதிரி வரும். மற்ற நாளெல்லாம் இலைக்கூரையில் மாட்டிக்கொள்ளும் வெயில், அப்போது மட்டும் சாயங்காலத்தில் மொட்டை மரங்களுக்கு நடுவே தரையோடு தரையாக வந்து வரிசையாகக் கட்டிய லய வீடுகளின் வாசலில் நிற்கும். காய்ந்த இலை கணுக்கால் வரைக்கும் கிடக்கும். நடந்தால் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம். எங்கோ யாரோ குப்பையைக் கொளுத்த, அந்தப் புகை வெயிலில் மஞ்சளாக மிதக்கும். அந்த மஞ்சளை நம்மில் பலர் இன்னும் ஆசையாகப் பேசிக்கொள்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாம் போன மாதம் கூடியபோதுகூட உங்களில் இரண்டு பேர் அதைப் பற்றியே பேசினீர்கள். நான் எழுந்து காப்பி எடுக்கப் போய்விட்டேன். ஏன் போனேன் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் சிம்பாங் அம்பாட்டிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் சாலையில் இருந்தது. அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். நான் ஒரே பிள்ளை. எனக்குப் பின் பிறந்தவை தங்கவில்லை. பக்கத்து வீட்டில் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, சித்தப்பாவோடும் மூன்று வயது மகளோடும் இருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். சின்னம்மா அந்தப் பக்கம் சிரித்தால் இந்தப் பக்கம் எங்கள் பாத்திரங்கள் அதிரும். அம்மா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

அந்தச் சிறுமியை எல்லோரும் பாப்பா என்றோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அவளைத்தான் தேடுவேன். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையிலிருந்து அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவது என் வேலை. அவள் என் சட்டைப் பித்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே வருவாள். அந்த எச்சில் ஈரத்தோடுதான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அந்த வருடம் புதுக் கேமரா வாங்கினார். அப்பாவின் லாரியில்தான் அவர் டவுனுக்குப் போய்வருவார். அந்தப் பழக்கத்தில் தம் பழைய பெட்டிக் கேமராவை, கொஞ்சம் படம் மிச்சமிருந்த ரோலோடு, எனக்குக் கொடுத்தார். கறுப்புத் தகரப் பெட்டி. மேலே ஒரு சிறு கண்ணாடி. அதற்குள் குனிந்து பார்த்தால் உலகம் இடம்வலம் மாறித் தெரியும்.

"சூரியன் உன் முதுகுக்குப் பின்னால இருக்கணும். ஆளு மூஞ்சியில வெயில் படணும். அவ்ளோதாண்டா," என்றார் கிராணி. "வேற ஒண்ணும் கிடையாது."

இதை நன்றாகக் கவனியுங்கள். எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. தெரியாமல் செய்தேன் என்று பிற்பாடு பலரிடம் சொன்னேன். தெரிந்துதான் செய்தேன்.

காரணம் ஒரு காலண்டர். சிம்பாங் அம்பாட்டில் அப்பா என்னை முடிவெட்டக் கூட்டிப்போகும் கடையில் அது தொங்கியது. கடற்கரையில் ஒரு பெண் நிற்பாள். சூரியன் அவளுக்குப் பின்னால். அவள் தலைமுடியின் ஓரமெல்லாம் நெருப்புக் கம்பி போல மின்னும். கத்தரிக்கோல் காதருகே கிச்சுக்கிச்சு என்று ஓட, நான் அந்த முடியையே பார்த்துக்கொண்டிருப்பேன். நானும் ஒருநாள் அப்படி ஒன்று எடுப்பேன் என்று நினைத்தேன்.

அதே வருடம்தான் குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று ஆனது. அம்மாவும் அப்பாவும் இங்கே பிறந்தவர்கள், நீல அட்டை. சின்னம்மா, பாட்டி ஊருக்குத் திரும்பிய பிறகு அங்கே பிறந்து, அங்கேயே வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு கப்பலேறி வந்தவர். சித்தப்பாவும் அப்படியே. இருவருக்கும் பெர்மிட் கிடைக்கவில்லை; ஊருக்கே திரும்ப வேண்டியதாயிற்று. நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இப்படிப் போன ஒரு வீடாவது நினைவிருக்கும். கதவில் பூட்டு, முற்றத்தில் யாருக்கும் வேண்டாத அம்மிக்கல்.

பாப்பா இங்கே பிறந்தவள். அவளுக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது. அதை வைத்து எங்கள் லயத்தில் ஒரு யோசனை பிறந்தது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. குழாயடியில், தோட்டத்தில் எங்கள் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அதை அடித்துப் பேசியதுதான் என் காதில் இருக்கிறது.

"பிள்ளைய இங்க வுட்டுட்டுப் போங்க லா. பிள்ளை இந்த நாட்டுப் பிள்ளை. அது இங்க இருந்திச்சின்னா அப்பனையும் ஆத்தாளையும் கவர்மெண்டு கூப்பிட்டுத்தானே ஆவணும்? தூக்கிட்டுப் போனீங்க, அப்பறம் கதவு சாத்திக்கும்."

"பச்சப் பிள்ளைங்க, மண்டோரே," என்றார் சின்னம்மா.

"யாருகிட்ட வுடுற? ஒங்க அக்காகிட்டத்தானே. ஒரு வருஷம், மிஞ்சிப் போனா ரெண்டு வருஷம். கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப் போவும்."

அம்மா தண்ணீர் வாளியைக் கீழே வைக்கவில்லை. "நான் பாத்துக்கறேன்டி," என்றார். அவ்வளவு வேகமாக அம்மா எதற்கும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது யோசிக்கிறபோது அந்த வேகம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. பிள்ளை தங்காத வயிறு. அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்று குழாயடியில் எல்லோரும் பெரியவர்கள். ஒருவர்கூட ஆபீசுக்குப் போய் இது உண்மையா என்று கேட்கவில்லை. பிள்ளையை விட்டுப்போனால் பெற்றவர்கள் திரும்பலாம் என்று எந்தச் சட்டமும் இல்லை. எங்கள் ஆட்களாகவே ஒரு சட்டத்தை உண்டாக்கி, எங்கள் ஆட்களாகவே அதை நம்பினார்கள்.

எனக்கோ சந்தோஷம். அன்று மாலை சின்னம்மாவிடம் ஓடிப்போய், "பாப்பா என்கூடயே இருக்கட்டும் சின்னம்மா," என்றேன். அவர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "உன்னை நம்பித்தான்டா வுட்டுட்டுப் போறேன்," என்றார்.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு சின்னம்மா என்னைக் கூப்பிட்டார்.

"என்ன பெரிய போட்டோகிராபரே, எல்லாக் கோழியையும் படம் எடுக்கறியாமே. என்னையும் பாப்பாவையும் ஒண்ணு எடுத்துக் குடுக்கறது?"

"கோழி சும்மா நிக்கும் சின்னம்மா. நீங்க நிக்கமாட்டீங்க."

"கொழுப்புடா ஒனக்கு." சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு நான் எடுத்துக்கிட்டுப் போறேன். ஒண்ணு இங்க இருக்கட்டும். தினமும் இவகிட்டக் காட்டு. இதான் அம்மா, இதான் அம்மான்னு சொல்லு. நான் திரும்பி வரப்ப என்னைப் பாத்து யாரோன்னு அழுவக்கூடாது."

அவர் சேலையெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. அம்மாவிடம் இருந்த ஒரே ஜரிகைக் கரைச் சேலையைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டார். தலைக்குக் குளித்திருந்தார். முடி ஈரம் காயாமல் முதுகில் கிடந்தது. ரவிக்கையில் ஒரு கொக்கி போய், அந்த இடத்தில் ஊக்கு மாட்டியிருந்தார். காலில் குதிகால் வெடிப்பு. பாப்பாவுக்குப் பவுடர் அதிகமாகிவிட்டது. சித்தப்பா அதைப் பார்த்து, "மாவு மில்லுலேர்ந்து தூக்கிட்டு வந்தியா?" என்றார்.

லயத்துக்குப் பின்னால், துணி காயும் கொடிகளைத் தாண்டி நிலம் மேற்கே சரியும். அங்கே நிறுத்தினேன். முதலில் கிராணி சொன்னபடியே, வெயிலைப் பார்த்து. சின்னம்மாவுக்குக் கண் கூசியது. முகத்தைச் சுளித்தார். பாப்பா கையால் கண்ணை மூடிக்கொண்டாள்.

"திரும்பி நில்லுங்க சின்னம்மா," என்றேன். "இந்தப் பக்கம். சூரியன் பின்னால இருக்கட்டும்."

"கிராணி வேற மாதிரில்ல சொன்னாராம்?"

"எனக்குத் தெரியும்."

திரும்பி நின்றார். நான் பெட்டிக்குள் குனிந்தேன். அதற்குள் அந்தக் காலண்டர் இருந்தது. சின்னம்மாவின் ஈர முடியைச் சுற்றி நெருப்பு. பாப்பாவின் காதுமடல் சிவப்பாய், உள்ளே விளக்கு எரிவதுபோல. சேலைக் கரை ஒரு கோடாக மின்னியது. மொட்டை மரங்களுக்கு நடுவே புகை. அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பிலிமுக்குத் தெரியாது என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

ஒன்று மட்டும் இடைஞ்சல். அப்பாவின் வேட்டி. துவைத்து நீலம் போட்ட வெள்ளை வேட்டி, எனக்கும் அவர்களுக்கும் நடுவே, சற்றே ஓரமாக, கொடியில் அகலமாகக் கிடந்தது. காற்றில் ஆடி ஆடிக் கண்ணாடிக்குள் வந்துபோனது. நான் போய் அதைக் கொடியிலிருந்து இழுத்தேன்.

"அது கெடக்கட்டும்டா," என்றார் சின்னம்மா. "மூஞ்சிக்கு வெளிச்சமா இருக்கு."

"படத்துல வருது சின்னம்மா."

வேட்டியைச் சுருட்டிப் புல்லில் போட்டேன். பிறகு ரோலில் மிச்சமிருந்ததை எல்லாம் எடுத்துத் தீர்த்தேன்.

அவர்கள் போன காலை பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அதுவும் அவர்கள் செய்த தப்பு. அப்பாதான் லாரியில் கிள்ளான் துறைமுகம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். பாப்பா எழுந்ததும் பலகைச் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு சுவரைத் தட்டினாள். அந்தப் பக்கம் யாரும் தட்டவில்லை. அன்று முழுக்கத் தட்டினாள்.

படம் டவுனிலிருந்து கழுவி வருவதற்குள் கப்பல் போய்விட்டிருந்தது. மற்றவை எல்லாம் ஆடிப்போயிருந்தன. ஒன்று மட்டும் அசையாமல் வந்திருந்தது. வெளுத்த வானம், கோடு கோடாக மரங்கள், ஓரமெல்லாம் வெள்ளி பூசிய ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. இரண்டு பேருக்கும்.

"என்னடா இது, கரிக்கட்டை மாதிரி?" என்றார் அப்பா.

"ரோல் பழசுப்பா," என்றேன்.

கிராணியிடமும் அதையே சொன்னேன். அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

அம்மா மட்டும் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "இருக்கட்டும்," என்றார் கடைசியில். "மூஞ்சி தெரியாததும் நல்லதுதான். பாத்துப் பாத்து ஏங்கிப் போவும் பிள்ளை." ஒரு பிரதியை அடுத்த கப்பலில் போன குடும்பத்திடம் கொடுத்தனுப்பினோம். இன்னொன்றை அப்பா சட்டம் போட்டு, நாங்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கு மேலே மாட்டினார்.

தினமும் காட்டச் சொல்லியிருந்தார் சின்னம்மா. நானும் காட்டினேன், முதலில் சில நாட்கள். "இதான் அம்மா." பாப்பா என் இடுப்பிலிருந்து எட்டி அந்தக் கறுப்பைத் தொடுவாள். "அம்மா இருட்டுல நிக்குது," என்பாள்.

பிறகு ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா அவளைப் படத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு?"

"அம்மா."

"எந்த அம்மா? பாரு, யாரு சேலை இது?" அம்மா உள்ளே போய் அந்த ஜரிகைக் கரைச் சேலையை எடுத்துவந்து தோளில் போட்டுக்கொண்டார். "இந்தா பாரு. இது நான்தான். என் இடுப்புல இருக்கறது நீ."

பாப்பா சேலையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

வாசலில் நின்ற என்னை அம்மா நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. கெஞ்சல். பாப்பா இனி சுவரைத் தட்டமாட்டாள், ராத்திரி அழமாட்டாள், என் தங்கையாகவே இருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. நான் புத்தகப் பையைக் கழற்றிவிட்டு, "பசிக்குதும்மா," என்றேன். நான் சம்மதம் சொன்னது அப்படித்தான்.

சில வருடங்கள் கழித்து, ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சின்னம்மாவைப் பார்த்தாராம். மில் வேலையாம். உடம்பு பாதியாகிவிட்டதாம்.

"அந்தப் படத்தை வெச்சிக்கிட்டுப் படுற பாடு இருக்கே," என்றார் அம்மாவிடம். "வெளிச்சத்துல புடிச்சுப் புடிச்சுப் பாக்குது. அப்பறம் பின்னால திருப்பிப் பாக்குது, பிள்ளை மூஞ்சி அந்தப் பக்கம் இருக்கற மாதிரி. மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு அனுப்பச் சொல்லிச்சு."

"அனுப்பறோம்," என்றார் அம்மா.

மறுநாள் கேமராவைக் கிராணியிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் குழுப்படம் எடுத்தார்கள். என் தங்கையாகிவிட்ட பாப்பா முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து பல் தெரியச் சிரிப்பாள். ஒன்றையாவது ஓர் உறைக்குள் போட்டு அனுப்பியிருக்கலாம். முகவரி எனக்குத் தெரியும். கடிதம் எழுதத் தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். அனுப்பவில்லை.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரத்தை வெளியே எடுத்தாக வேண்டும். அம்மா என்னைத்தான் சொல்லச் சொன்னார். நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக்குப் போகக் காத்திருந்தேன். சொன்னேன். உன்னைப் பெற்றவர் சின்னம்மா, ஊருக்குப் போனார், திரும்பி வர முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை.

"அவங்க போட்டோ இருக்கா?"

அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே அது தொங்கியது.

"இல்லம்மா," என்றார் அம்மா.

என் தங்கை என்னைப் பார்த்தாள். "இல்லியாண்ணே?"

நண்பர்களே, என் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன் என்று பெருமையும் பட்டிருக்கிறேன். அன்று அந்த ஒரு கேள்விக்கு நான் தலையைத்தான் ஆட்டினேன், இல்லை என்று.

"ஒரு படங்கூட வெச்சிட்டுப் போவல," என்றாள். "நான் ஏன் அவங்கள நெனைக்கணும்?"

அதன்பிறகு அவள் சின்னம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததை நாங்கள் நிம்மதி என்று எடுத்துக்கொண்டோம். சின்னம்மா இறந்த செய்தி வந்தபோது அம்மா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர் தொட்டி நிரம்பி வழிந்து வாசல் வரைக்கும் வந்தது. தங்கை கல்யாணமாகி, கணவர் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை பார்க்க, பத்து பெரண்டாம் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கியிருந்தாள். அவளுக்கு நாங்கள் சொல்லவில்லை.

பிறகு அப்பா போனார், பிறகு அம்மா. அம்மாவுக்கு எத்தனையோ படங்கள் இருந்தன. தங்கை வந்து, அந்தக் கறுப்புப் படத்தைத்தான் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டாள். "இதுலதான்ணே நான் அம்மா இடுப்புல இருக்கேன்," என்றாள். அம்மா இறந்த நாள் வருடா வருடம் வரும். அவள் அதற்கு மாலை போட்டு, இலை போட்டு, அம்மாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வைத்துப் படைப்பாள். "கும்பிடுண்ணே," என்பாள். நானும் கைகூப்பி நிற்பேன். யாரைக் கும்பிடுகிறோம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இனிச் சொல்லப்போவது இந்த வருடம் நடந்தது. தங்கையின் இளைய மகளுக்குக் கல்யாணம். இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே படம் எடுக்கிறார்கள். கிளேபாங் கடற்கரையில், சாயங்காலம். மழையில்லாத மாதம். தங்கை முட்டிவலியோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், நான் பக்கத்தில். படம் எடுக்க வந்த பையன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிறுத்தினான்.

"தம்பி, அப்படி எடுத்தா மூஞ்சி கறுப்பா வந்திடும்," என்று தங்கை சத்தம் போட்டாள். "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. இதோ, இவர் எடுத்தது. ஒரே கரி!"

"அங்கிள் அப்பவே சிலூவெட் எடுத்தாரா? கிளாஸ் லா ஆண்டி! இப்ப அதுதான் டிரெண்டு," என்றான் பையன். "டோன்ட் வொரி. மூஞ்சி தெரியும். பாருங்க."

கூட வந்தவன் ஒரு பெரிய வெள்ளை அட்டையைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால், சற்றே ஓரமாகப் போய் நின்றான். கடலிலிருந்து வந்த வெயில் அந்த வெள்ளையில் பட்டுத் திரும்பியது. தங்கை மகளின் முகம் ஏற்றிவைத்த விளக்கு மாதிரி தெளிந்தது. தலைமுடியைச் சுற்றி நெருப்பு, உள்ளே முழு முகம். ஒரு கணம் யாரோ நினைவுக்கு வந்தார்கள். யாரென்று பிடிபடுவதற்குள் போய்விட்டது.

மூஞ்சிக்கு வெளிச்சமா இருக்கு. அது கெடக்கட்டும்டா.

இவ்வளவு காலமாக நான் சூரியனைத்தான் நொந்துகொண்டிருந்தேன். வேட்டியை மறந்தே போயிருந்தேன்.

"என்னாண்ணே? ஏன் அழுவுறீங்க? பொண்ணு போறதுக்கு நான்தானே அழுவணும்?" என்றாள் தங்கை.

சொல்லிவிட்டேன். அந்த மணலில், அவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றபோதே, தணிந்த குரலில் எல்லாவற்றையும். சேலை யாருடையது, இடுப்பு யாருடையது. குழாயடிப் பேச்சு. தினமும் காட்டச் சொன்னது. கிராணி சொன்னதும் வேட்டியும்கூட. அவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அதுக்குக் கீழதானே உக்காந்து சோறு தின்னேன்," என்றாள் கடைசியில். "அதுக்குக் கீழ உக்காந்துக்கிட்டுத்தானே, ஒரு படங்கூட வெக்கலன்னு சொன்னேன்."

"ஆமா."

"நீங்க கேட்டுக்கிட்டு நின்னீங்க."

"ஆமா."

கடல் பக்கம் பார்த்தாள். சூரியன் பாதி இறங்கியிருந்தது. பையன் "ஒன் மோர், ஒன் மோர்" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"எப்படி இருப்பாங்க?" என்றாள். "கேமராவுல பாத்தீங்கள்ல. மூஞ்சி எப்படி இருக்கும்?"

நான் வாயைத் திறந்தேன். ஈர முடி, ஊக்கு, குதிகால் வெடிப்பு. சுவரைத் தாண்டி வந்த சிரிப்பு. கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். அந்தச் சரிவில் சின்னம்மா நிற்கிறார். கரை மின்னுகிறது. பாப்பாவின் காதுமடல் சிவந்திருக்கிறது. முகம் கறுப்பு. என் கண்ணால் பார்த்த முகத்தின்மேல் நான் எடுத்த படம் உட்கார்ந்துவிட்டிருக்கிறது. எவ்வளவு நாளாக அப்படி இருக்கிறதோ, எனக்குத் தெரியவில்லை.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தாள்.

பத்து பெரண்டாமுக்கு வீடு திரும்பினோம். விமானம் ஒன்று தாழப் பறந்து ஜன்னல்களை அதிரவைத்துவிட்டுப் போனது. தங்கை நேராக முன்னறைக்குப் போனாள். படத்தில் கிடந்த காய்ந்த மாலையை எடுத்தாள். படத்தைக் கழற்றினாள். நகத்தால் ஆணியை நெம்பிச் சட்டத்தின் பின்னட்டையைப் பிரித்து, படத்தை வெளியே எடுத்து, விளக்குக்குக் கீழே போய் நின்றாள். உயர்த்திப் பிடித்தாள். சாய்த்துப் பார்த்தாள். சின்னம்மா அங்கே இந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்று ஊருக்குப் போய்த் திரும்பியவர் வந்து சொன்னதை மட்டும் நான் கடற்கரையில் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் படத்தைத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தாள்.